ஓயாத ஐந்தாவது விளக்கு

நான்காம் எண் வீட்டுக் கதவைக் குளிர்பதனக் கிடங்கு முதலாளி உடைக்காத குறையாகத் தட்டிக்கொண்டிருந்தார். கை வலித்திருக்க வேண்டும். ஷூ காலையும் சேர்த்துக்கொண்டார்.

"திறங்க! எங்க அப்பா உள்ளதான் இருக்கார்னு தெரிஞ்சுபோச்சு. விளக்கு எரிஞ்சுடுச்சு!"

அவரோடு வந்திருந்த துப்பறியும் பையன் வால், தலையில் கை வைத்துக்கொண்டான். அவனுக்கு அந்தப் பெயர் வர இரண்டு காரணங்கள். ஓர் ஆளின் பின்னால் போகச் சொன்னால் ஒட்டிக்கொண்டே போவான். சும்மா இருக்கச் சொன்னால் இருக்கவே மாட்டான்.

கதவு திறந்தது. டியூஷன் டீச்சர் கையில் சிவப்புப் பேனாவோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் எட்டு மாணவர்கள், ஒரு மின்விசிறி, ஒரு கரும்பலகை.

"யாருய்யா நீ?"

"எங்க அப்பாவை வெளிய அனுப்பு."

"உங்க அப்பா எந்த கிளாஸ்?"

எட்டுப் பேரும் சிரித்தார்கள். முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. டீச்சர் கதவைச் சாத்திய வேகத்தில் அவருடைய மூக்கு தப்பியதே பெரிய விஷயம்.

இத்தனை கூத்துக்கும் ரீடிங் அக்கா மூன்றடி தள்ளி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பறிய வருவதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுத்தவள். எந்த வீட்டில் எதை ஒளிக்கிறார்கள் என்று கதவைத் திறக்கிற தினுசிலேயே தெரிந்துகொள்வாள். வேலையை விட்டாலும் பெயர் அவளை விடவில்லை.

"சார், எரிஞ்சது முதல் பச்சை" என்றாள்.

"எரிஞ்சுதா இல்லியா?"

"பட்டனை அமுத்தினா அது எரியத்தான் செய்யும். நான் உயிரோட இருக்கேன்னு டப்பா நமக்குச் சொல்ற விளக்கு. அதைப் பார்த்துக் கதவைத் தட்டினா ஊர்ல ஒரு கதவு பாக்கி இருக்காது."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொல்ல வாயைத் திறந்தாங்க சார். அதுக்குள்ள நீங்க காலைத் தூக்கிட்டீங்க" என்றான் வால்.

முதலாளி அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். வாலுக்கு அது பழகிப்போயிருந்தது. மூன்று நாளாக இந்த மனுஷரோடு அலைகிறான். ஒரு நல்ல வார்த்தை காதில் விழவில்லை.

அக்காவின் கையில் இருந்த டப்பா சோப்புப்பெட்டி அளவுதான். மேலே வரிசையாக ஐந்து விளக்குகள்: இரண்டு பச்சை, ஒரு மஞ்சள், ஒரு ஆரஞ்சு, ஒரு சிவப்பு. மின்சாரம் ஓடுகிற இடத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்தப் புலம் இருக்கும். அது சுவரைத் தாண்டியும் வரும். டப்பாவின் பக்கத்தில் உள்ள பட்டனை அமுக்கிப் பிடித்தால், புலத்தின் பலத்துக்கு ஏற்ப விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறும். விரலை எடுத்தால் எல்லாம் அணையும். செல்போன் மாதிரியான சமாச்சாரங்களை அது கண்டுகொள்ளாது. வீட்டுக் கரண்ட்டில் ஓடும் மோட்டார் என்றால் மட்டும் உற்சாகமாகிவிடும்.

முதலாளியின் அப்பாவைத் தேடுவதற்கு இந்த டப்பாதான் லாயக்கு என்று அக்கா முடிவுசெய்ததற்குக் காரணம் இருந்தது. பெரியவருக்கு நுரையீரல் பாதி போய்விட்டது. ஆக்ஸிஜன் மெஷின் ஒன்று இரவும் பகலும் ஓடினால்தான் அவர் மூச்சும் ஓடும். ஆறு நாளைக்கு முன்னால் அவரும் காணோம், அந்த மெஷினும் காணோம். 'அப்பாவுக்கு ஞாபகம் தப்பிப்போச்சு. என் தங்கச்சி கடத்திட்டா' என்று முதலாளி அக்காவின் துப்பறியும் ஆபீஸில் வந்து உட்கார்ந்தார். தங்கையின் வீட்டை அவருடைய ஆட்கள் புரட்டிப் போட்டுப் பார்த்தாயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் தங்கை இந்தக் கட்டடத்தை விட்டு அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே போவதில்லை என்று வால் பின்தொடர்ந்து கண்டுபிடித்தான். அப்படியானால் பெரியவர் இங்கேயேதான் எங்கோ இருக்க வேண்டும். எல்லாக் கதவையும் உடைக்க முடியாது. ஆனால் எல்லாச் சுவரையும் கேட்கலாம்.

"ஃப்ரிட்ஜும் சிவப்பைக் காட்டுமே, அப்ப எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று காலையிலேயே முதலாளி மடக்கியிருந்தார்.

"ஃப்ரிட்ஜ் ஓடும், நிக்கும். மிக்ஸி கத்தும், நிக்கும். நிக்காம ஓடுறது ஒண்ணே ஒண்ணுதான் சார். அதுதான் உங்க அப்பா மெஷின்" என்றாள் அக்கா.

இப்போது மணி பன்னிரண்டு இருபது. தரைத்தளத்தில் இருந்த தகரப் பட்டறையின் டங்டங் சத்தம் காலையிலிருந்து ஓயவில்லை.

"மூணு மணிக்குள்ள அவர் என் கையில இருக்கணும். இல்லைன்னா உங்க ஆபீஸ் போர்டு நாளைக்கு அங்க தொங்காது. மீட்டர் ரீடிங் எடுத்துட்டிருந்த பொம்பளைய நம்பி வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

"அது என்ன சார் மூணு மணி?" என்றான் வால்.

"உனக்கு அநாவசியம்."

அக்கா குறுக்கே வந்தாள். "சார், எந்தெந்த வீடு காலின்னு வாட்ச்மேனைக் கேட்டு ஒரு பட்டியல் வேணும். நாங்க கேட்டா வாயைத் திறக்க மாட்டார். நீங்க மிரட்டினா சொல்லிடுவார்."

மிரட்டுவது முதலாளிக்குப் பிடித்த வேலை. படியைத் தடதடவென்று அதிரவைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

"ஒரு மணி நேரமாவது நிம்மதி" என்றான் வால்.

"பதினஞ்சு நிமிஷம்தான். வா மூணாவது மாடிக்கு."

எட்டாம் எண் தங்கையின் வீடு. அக்கா சுவரோரம் டப்பாவைக் கொண்டுபோனதும் விளக்குகள் ஆரஞ்சு வரைக்கும் ஏறின. வால் வாயைத் திறந்தான். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். சற்று நேரத்தில் உள்ளே ஏதோ 'கிளக்' என்று உதறி நின்றது. விளக்குகள் மளமளவென்று இறங்கி, முதல் பச்சை மட்டும் மிஞ்சியது.

"ஃப்ரிட்ஜ்" என்றாள் அக்கா.

அந்தச் சமயத்தில் தங்கை படியேறி வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஆறு நாளாகத் தூங்காத கண். ஒரு கையில் வீட்டுச் சாவி, இன்னொரு கையில் வெள்ளை பிளாஸ்டிக் கேன்.

"மறுபடியும் வந்தாச்சா? வீட்டைக் கொட்டிக் கவிழ்த்தீங்க. இப்ப சுவரைத் தடவுறீங்களா? வெட்கமா இல்ல?"

"வேலைங்க" என்றான் வால்.

"இதெல்லாம் ஒரு வேலை! அவன் கூப்பிட்டா யார் வீட்டு வாசல்லயும் போய் நிப்பீங்களா?"

"கேன்ல என்ன?" என்று கேட்டாள் அக்கா.

"பேட்டரித் தண்ணி. இன்வெர்ட்டருக்கு. அதையும் சோதிக்கணுமா?"

"வேண்டாம்" என்றாள் அக்கா.

தங்கை உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினாள். வால் காதைத் தேய்த்துக்கொண்டான். "இன்னைக்கு நம்ம மேல சாத்துற ரெண்டாவது கதவு. அக்கா, அன்னைக்கு நானும் உள்ள போய்ப் பார்த்தேன். அவங்க வீட்டுல இன்வெர்ட்டரே கிடையாது."

"தெரியும். கீழ மீட்டர் போர்டையும் பார்த்துட்டுத்தான் ஏறினேன். ஆக்ஸிஜன் மெஷின்ல ஒரு சின்னக் குடுவை இருக்கும். காத்து ஈரமா வரணும்னு அதுல வடிகட்டின தண்ணி ஊத்துவாங்க. பேட்டரிக்கு ஊத்துறதும் அதே தண்ணிதான்."

"போர்டுல என்ன பார்த்தீங்க?"

"எட்டாம் நம்பர் மீட்டர் ரெண்டு குடும்பத்துக்கு ஓடுற மாதிரி ஓடுது. ஒன்பதாம் நம்பர் மீட்டர் இருந்த இடத்துல நாலு ஓட்டைதான் இருக்கு. கழட்டிட்டாங்க."

ஒன்பதாம் எண் அடுத்த கதவு. தாழ்ப்பாளில் பூட்டு, பூட்டின்மேல் தூசி. சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாராம். கரண்ட்டே இல்லாத வீடு. அக்கா அந்தச் சுவரில் டப்பாவை வைத்து, இஸ்திரிப்பெட்டியை நகர்த்துவதுபோல் மெதுவாக நகர்த்தினாள். பச்சை. பச்சை. மஞ்சள். ஜன்னலுக்கு அருகே போனதும் ஆரஞ்சைத் தாண்டி, ஐந்தாவது விளக்கு சிவப்பாக எரிந்தது.

வாலுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "கரண்ட் இல்லாத வீட்டுல சிவப்பு!"

"மெதுவா பேசு."

"பின்பக்க பால்கனி ரெண்டுக்கும் நடுவுல இடுப்பளவு சுவர்தான் இருக்கு அக்கா. அதைத் தாண்டிப் போயிருக்காங்க. ஒயரையும் அப்படியே இழுத்திருக்காங்க. பட்டறைச் சத்தத்துல மெஷின் ஓடுறது வெளிய கேட்காது."

அக்கா பதில் சொல்லாமல் பட்டனை அமுக்கியபடியே நின்றாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. ஐந்தாவது விளக்கு ஒரு முறைகூட இமைக்கவில்லை. கட்டை விரல் வெளுத்துப்போனது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில் இல்லை என்பதை வால் கவனித்தான்.

"என்னக்கா?"

"ஞாபகம் தப்பின மனுஷன் இந்த வீட்டுக்குள்ள ஆறு நாளா சத்தமே போடாம இருக்காரு. ஒரு தடவைகூடக் கதவைத் தட்டல. கடத்தப்பட்டவர் இப்படி இருப்பாரா?"

படியில் ஷூ சத்தம் கேட்டது. அக்கா விரலை எடுத்தாள். ஐந்து விளக்கும் அணைந்தன.

முதலாளி மூச்சிரைக்க வந்து ஒரு காகிதத்தை நீட்டினார். "காலி வீடு மூணு. இது, பதினொண்ணு, பதினாலு. இதை விடுங்க, இதுல கரண்ட்டே கிடையாதாம்."

"விட்டாச்சு" என்றாள் அக்கா.

"நேரம் போயிட்டிருக்கு. உங்க டப்பாவைத் தடவிட்டிருந்தா மூணு நாள் ஆகும். எனக்கு வேற ஒரு யோசனை வந்துடுச்சு. மெயின் போர்டு சாவியை வாங்கிட்டேன்." சாவியை விரலில் சுழற்றிக் காட்டினார். "கட்டடம் பூரா கரண்ட்டை இறக்கிடலாம். கரண்ட் போனா அந்த மெஷின் கத்தும். பீப் பீப்னு மாடி முழுக்கக் கேட்கும். எந்தக் கதவுக்குப் பின்னால கத்துதோ, அதை உடைக்கலாம்."

"மெஷின் நின்னுட்டா உங்க அப்பா என்ன பண்ணுவார் சார்?" என்றான் வால்.

"பத்து நிமிஷம் தாங்குவார். பன்னிரண்டாவது நிமிஷம்தான் உதடு நீலமாகும்."

லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று சொல்வதுபோல் அதைச் சொன்னார்.

"பன்னிரண்டுன்னு உங்களுக்கு எப்படி..." என்று வால் தொடங்கினான். அக்கா அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

முதலாளிக்கும் சுருக்கென்றது. "போன மாசம் ஒருநாள் கரண்ட் போச்சு. அப்ப பார்த்தேன். அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல சார்" என்றாள் அக்கா. முகம் துடைத்த பலகை மாதிரி இருந்தது. "மெயினை இறக்கவே வேண்டாம். நான் கண்டுபிடிச்சுட்டேன். நீங்க கீழ இருந்தப்ப மொட்டை மாடிக்கு ஒரு நடை போயிட்டு வந்தேன். லிஃப்ட் மோட்டார் ரூம் சுவர்ல அஞ்சு விளக்கும் எரியுது."

"மோட்டார் ரூமா?"

"அதுக்குள்ள பழைய சாமான் போடுற ஒரு ரூம் இருக்கு. உங்க தங்கச்சி கெட்டிக்காரி. லிஃப்ட் சத்தத்துல மெஷின் சத்தம் அமுங்கிடும்னு அங்க கொண்டுபோய் வெச்சிருக்கா."

முதலாளியின் கண் பளபளத்தது. வாலுக்குத் தலை சுற்றியது. மொட்டை மாடியா? இவ்வளவு நேரமும் அக்கா இந்தச் சுவரை விட்டு ஓரடிகூட நகரவில்லையே!

"நான் இவனைக் காவலுக்கு அனுப்பிட்டு வர்றேன். நீங்க படியில முன்னால ஏறுங்க" என்று முதலாளியை அனுப்பிவிட்டு, அக்கா வாலின் காதருகே குனிந்தாள். "லிஃப்ட்ல ஏறு. மேல போ, கீழ வா, மேல போ. நான் வர்ற வரைக்கும் லிஃப்ட் நிக்கவே கூடாது."

"எதுக்கு?"

"கேள்வி கேட்காதே. ஒரு மணிக்குப் பட்டறைக்காரங்க சாப்பிடப் போயிடுவாங்க. அப்புறம் இந்தச் சுவர் தானா பேசும்."

மணி பன்னிரண்டு நாற்பத்தைந்து. வால் ஏறினான். தரைத்தளம். நான்காம் மாடி. தரைத்தளம். மூன்றாவது நடையில் டியூஷன் டீச்சர் லிஃப்டுக்காகக் காத்திருந்தாள். கதவு திறந்ததும் பாதி உள்ளே வந்தவளைப் பார்த்து, "பழுதுங்க, இது நிக்காது" என்று சொல்லிவிட்டு பட்டனை அமுக்கினான். அவள் திட்டியது இரண்டு மாடிக்குக் கேட்டது.

ஐந்தாவது நடையில் மூன்றாம் மாடியில் கதவு திறந்ததும் தங்கை உள்ளே பாய்ந்தாள். வாலின் சட்டைக் காலரைப் பிடித்து லிஃப்ட் சுவரோடு சேர்த்து அழுத்தினாள்.

"ஒன்பதாம் நம்பர் சுவரையே தடவிட்டு நின்னீங்களே. அவன்கிட்ட சொல்லிட்டீங்களா? சொல்லு!"

"கழுத்தை விட்டா சொல்றேன். லிஃப்ட் நிக்கக் கூடாது, அந்த பட்டனை மட்டும் அமுத்துங்க."

"சொல்லிட்டீங்களா?"

"இல்லை. எங்க அக்கா அவரை மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. ஏன்னு எனக்கே தெரியாது. சத்தியமா."

அவள் பிடி தளர்ந்தது. அழுதுவிடுவாளோ என்று வால் பயந்தான். அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"அவனோட குளிர்பதனக் கிடங்குல போன மாசம் ஒரு தொழிலாளி உள்ள மாட்டிக்கிட்டு விறைச்சுச் செத்துப்போனான். உள்ளேயிருந்து அடிக்கிற அபாய மணி வேலை செய்யல. அதைக் கழட்டச் சொன்னதே எங்க அண்ணன்தான். சும்மா சும்மா அடிச்சு வேலையைக் கெடுக்குதாம். மாட்டுடா மாட்டுடான்னு அப்பா எத்தனை தடவை சொன்னார் தெரியுமா? இன்னைக்கு மூணு மணிக்குத் தொழிற்சாலை ஆய்வாளர்கிட்ட அப்பா வாக்குமூலம் கொடுக்கணும்."

"அப்ப ஞாபகம் தப்பினது?"

"எங்கப்பாவுக்கா? உன் சட்டையில எத்தனை பட்டன்னு சாயங்காலம் வரைக்கும் ஞாபகம் வெச்சிருப்பார். அப்பா வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்ற வரைக்கும் அவன் மெஷினோட பிளக்கைப் பிடுங்கிட்டு, கடிகாரத்தைப் பார்த்துட்டு நின்னான். பெத்த அப்பனை! அப்பா எனக்கு போன் பண்ணி, என்னைக் கூட்டிட்டுப் போயிடும்மான்னார். கூட்டிட்டு வந்தேன். இதுக்குப் பேரு கடத்தலா?"

பன்னிரண்டு நிமிஷம். வாலுக்கு அந்தக் கணக்கு இப்போது முழுசாக விளங்கியது. கோபம் தலைக்கு ஏறியது. நான்காம் மாடி பட்டனைக் குத்துகிற மாதிரி அமுக்கினான்.

மேலே இரும்புக் கதவு ஒன்று 'தடால்' என்று சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து யாரோ கெட்ட வார்த்தைகளை ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே கதவை அடிக்கும் சத்தம் கேட்டது.

மூன்றாம் மாடியில் லிஃப்ட் நின்றபோது அக்கா அங்கே நின்றாள். கையில் மெயின் போர்டு சாவி இருந்தது. டப்பா இல்லை.

"டப்பா எங்கக்கா?"

"அவர் கையிலேயே கொடுத்துட்டேன். நீங்களே பிடிச்சுப் பாருங்க சார்னு சொன்னேன். லிஃப்ட் ஓடிக்கிட்டே இருந்துதா, அஞ்சு விளக்கும் எரிஞ்சுக்கிட்டே இருந்துது. நிக்காம ஓடுறது அப்பா மெஷின்தான்னு காலையில நானே பாடம் எடுத்திருந்தேனே, அதை அப்படியே பிடிச்சுக்கிட்டார். சாமான் ரூமை ரெண்டு கையாலயும் கிளறணும்னு சாவியைக்கூட என்கிட்டயே கொடுத்தார். அவர் உள்ள, தாழ்ப்பாள் வெளிய."

"அப்ப நான்தான் அவரோட அப்பாவா இவ்வளவு நேரம் ஏறி இறங்கிட்டிருந்தேனா?"

"நல்லாவே நடிச்சே. ஆய்வாளருக்குப் போன் பண்ணிட்டேன். போலீஸும் வருது. அவங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அக்கா தங்கையின் பக்கம் திரும்பினாள். "அம்மா, தப்பான ஆளுக்கு வேலை பார்த்துட்டேன். மூணு நாளா உங்களைப் பாடாய்ப் படுத்தினதுல எங்களுக்கும் பங்கு இருக்கு. மன்னிச்சுடுங்க."

தங்கை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மன்னிக்கிறதைப் பத்தி மூணு மணிக்கு அப்புறம் யோசிக்கிறேன்" என்றாள்.

கீழே பட்டறைச் சத்தம் ஓய்ந்தது. மணி ஒன்று. அந்த நிசப்தத்தில் ஒன்பதாம் எண் சுவருக்குப் பின்னால் மெஷின் சீராக ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. மேலே கதவை அடிக்கும் சத்தமும் அதே அளவு தெளிவாகக் கேட்டது.

தங்கை எட்டாம் வீட்டு பால்கனியில் இரண்டு நாற்காலிகளைச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகப் போட்டாள். அவளும் வாலும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பெரியவரைத் தாண்ட வைத்தார்கள். சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, ஆய்வாளர் அலுவலகம் போகத் தயாராகவே இருந்தார் அவர். மூக்கில் ஒரு மெல்லிய குழாய். அதன் மறு முனையில், வழிக்கென்று தங்கை வாங்கி வைத்திருந்த கை அளவு சிலிண்டர். பெரியவரின் எடை நாற்பது கிலோகூட இருக்காது.

லிஃப்டுக்கு முன்னால் வந்ததும் பெரியவர் நின்றார். மேலிருந்து வந்த சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அவனா?"

"ஆமாங்க ஐயா. மோட்டார் ரூம்ல பூட்டி வெச்சிருக்கேன்" என்றாள் அக்கா.

பெரியவர் இரண்டு மூச்சு இழுத்துக்கொண்டார். பேச அவருக்கு அவ்வளவு தேவைப்பட்டது.

"அங்க காத்து வருமா?"

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வரும் ஐயா. சுவர் முழுக்க ஜன்னல் கம்பிதான்" என்றாள் அக்கா.

பெரியவர் தலையாட்டினார். பிறகு லிஃப்டில் ஏறி, தானே கையை நீட்டி, தரைத்தளத்துக்கான பட்டனை அமுக்கினார்.

"அப்ப சரி. வாங்க, போகலாம். நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கு."